கத்தரிப்பூ நிறமும் முப்பத்திரண்டு இன்ச் மானிட்டரும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நடந்தது இது. பெரிய மானிட்டர் ஒன்று வாங்கலாம் என்று நானும் மனைவியும் போயிருந்தோம். மானிட்டர் வாங்கிய கதையெல்லாம் மறக்க முடியாத அனுபவமா என்று நீங்கள் கேட்கலாம். முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். மனைவி சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு சில வருடங்கள் சும்மா இருந்தவர், சொந்தக்காரர்கள் நெய்யும் சேலைகளையும் புள்ளி போட்ட சுங்குடிச் சேலைகளையும் போன் மூலமாக விற்க ஆரம்பித்தார். வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டோம். சேலையைத் தேர்ந்தெடுப்பது, மடிப்பது, ஆட்களிடம் பேசுவது, பார்சல் கட்டுவது எல்லாம் அவர். மொட்டை மாடியில் கொடி கட்டிப் படம் எடுப்பதும், அதைக் கம்ப்யூட்டரில் போட்டு அழகாக்குவதும் நான். படம் எடுப்பதில் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசை உண்டு. நல்ல கேமரா ஒன்றும் வைத்திருந்தேன்.

வியாபாரம் நன்றாகத்தான் போனது. ஆனால் ஒரே ஒரு புகார் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. "படத்துல ஒரு நிறமா இருக்கு, கையில வந்தா வேற நிறமா இருக்கு."

இதைப் பற்றி வீட்டில் எங்களுக்குள் அடிக்கடி வாக்குவாதம் வரும். நான் திருத்திய படத்தைப் பார்த்துவிட்டு மனைவி சொல்வார். "என்னங்க, இது கத்தரிப்பூ கலருங்க. நீங்க நீலமாக்கி வச்சிருக்கீங்க."

"நீலம்தானே அது?" என்பேன் நான்.

"நீலம் வேற, கத்தரிப்பூ வேற."

நெசவுக் குடும்பத்து ஆட்களுக்கு ஒரே நிறத்துக்குப் பத்துப் பெயர் உண்டு என்று எனக்கு ஒரு நினைப்பு. அரக்கு, மாந்துளிர், வெந்தயம், கிளிப்பச்சை, பாசிப்பச்சை என்று அவர்கள் வீட்டில் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். நமக்கு நீலம் என்றால் நீலம், பச்சை என்றால் பச்சை. கணக்கு வாத்தியாருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? "ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும்மா, அது டெக்னிக்கல் விஷயம்" என்று சொல்லி மனைவியின் வாயை அடைத்துவிடுவேன். கம்ப்யூட்டர் என் இலாகா என்பதால் அவரும் விட்டுவிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் நத்தத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். மகள் கல்யாணம். வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி கட்டுவதற்குப் பன்னிரண்டு சுங்குடிச் சேலைகள் வேண்டும். நாங்கள் அனுப்பிய படங்களில் ஏழாம் எண் படம் அவருக்குப் பிடித்துப்போனது. "ஏழாம் நம்பர், பன்னிரண்டு" என்று எழுதியிருந்தார். மனைவியும் ஏழாம் நம்பர் சேலையில் பன்னிரண்டைக் கட்டி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் போனில் செய்தி வந்தது. "நான் பாத்தது நீலம். வந்திருக்கிறது கத்தரிப்பூ. பிளவுஸ் எல்லாம் நீலத்துக்குத் தைக்கக் குடுத்தாச்சு. கல்யாணத்துக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு."

மனைவி அப்போது அடுப்படியில் இருந்தார். பதில் எழுதியது நான். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. "படத்தில் இருப்பது சரியான நிறம்தான். உங்கள் போன் திரையில் கோளாறு இருக்கலாம். வேறு நல்ல போனில் பார்க்கவும்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அதற்கு அந்த அம்மாவிடமிருந்து பதிலே வரவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பதில் இல்லாததுதான் என் மனைவியை என்னவோ செய்துவிட்டது. போனை எடுத்து ஏழாம் எண் படத்தையும் மிச்சமிருந்த சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அந்தம்மா சொல்றது சரிதாங்க. படம் நீலமாத்தான் இருக்கு. நான் நம்பரைப் பாத்துக் கட்டிட்டேன், படத்தைத் திரும்பப் பாக்கல. என் பேரை நம்பி வாங்குற சனம் இது. போச்சு."

அப்போதும் நான் அசரவில்லை. "நம்ம மானிட்டர் பழசாயிடுச்சு. அது தப்பாக் காட்டுது, அதைப் பாத்து நானும் தப்பாத் திருத்திட்டேன்" என்றேன். அதாவது, நத்தத்து அம்மாவிடம் அவர் போனைக் குறை சொன்னேன். மனைவியிடம் எங்கள் மானிட்டரைக் குறை சொன்னேன். மிச்சமிருந்தது நான் ஒருவன்தான், அது எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் மானிட்டர் உண்மையிலேயே பழசுதான். ஒரு மூலை மஞ்சளடித்துப் போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவானது. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? ஒரு நோட்டுப் போட்டு மூன்று நாள் ஆராய்ச்சி செய்தேன். இருபத்தேழு இன்ச்சா, முப்பத்திரண்டா? தட்டையா, வளைந்ததா? எத்தனை சதவீத நிறங்களைக் காட்டும்? ஒரு நொடிக்கு எத்தனை முறை படம் மாறும்? பதினைந்து தலைப்புகளில் கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்து, கூட்டி, முதல் ரேங்க் வந்த மானிட்டரைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "கார் ரேஸ் ஓட்டுறதுக்கு நல்லா இருக்கணும். ரோடு பெருசாத் தெரியணும்." இவர் ஸ்கூட்டியில் போனால் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் இருநூறு கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைய மாட்டார்.

கடை மாடியில் இருந்தது. போகும்போது மனைவி ஒரு கட்டைப்பை எடுத்துக்கொண்டார். அதில் மூன்று சேலைகள். ஒன்று அந்தக் கத்தரிப்பூ, ஒன்று வெளிர் ரோஜா, ஒன்று நல்ல நீலம். "திரையில தெரியுறதும் சேலையும் ஒண்ணா இருக்கான்னு பக்கத்துல வச்சுப் பாத்துருவோம்" என்றார். என் பதினைந்து தலைப்புகளில் இந்த யோசனை இல்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, கம்ப்யூட்டர் கடைக்குச் சேலைப் பையோடு போகிறோமே என்று.

கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலையைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. "நல்ல யோசனைம்மா" என்று சொல்லிவிட்டு, நாங்கள் கொண்டுபோன பென் டிரைவை வாங்கி, நான் திருத்திய ஏழாம் எண் படத்தை வரிசையாக இருந்த ஆறு மானிட்டர்களிலும் போட்டார். மனைவி கத்தரிப்பூ சேலையை ஒவ்வொரு திரைக்குப் பக்கத்திலும் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனார்.

"ஆறுலயும் நீலமாத்தான் இருக்கு" என்றார்.

"சேலையும் நீலம்தானே? அப்ப ஆறுமே சரியாத்தான் காட்டுது" என்றேன் நான், தேற்றத்தை நிரூபித்து முடித்த திருப்தியோடு.

கடைக்காரர் சேலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நான் கைவைக்காத, கேமராவிலிருந்து வந்தபடியே இருந்த படத்தைத் திறந்தார்.

"இதுதான்! இதுதாங்க சரியான நிறம்!" என்று மனைவி கிட்டத்தட்டக் குதித்தேவிட்டார்.

எனக்கு இரண்டு படங்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றேன். நான் நோட்டைத் திறந்து சதவீதக் கணக்கைச் சரிபார்க்க ஆரம்பித்தேன்.

கடைக்காரர் பேச்சை மாற்றினார். "நிறம் இருக்கட்டும். விளையாட்டு எப்படி இருக்குன்னு பாருங்க." வளைந்த மானிட்டரில் கார் ரேஸைப் போட்டு என் மனைவியை உட்கார வைத்தார். அவ்வளவுதான். சேலையை மடியில் போட்டுக்கொண்டு இவர் ஓட்டிய ஓட்டத்தைப் பார்க்க, கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். "அக்கா, வளைவுல பிரேக்கு போடுங்கக்கா!" என்று ஒருவர் கத்தினார். "பிரேக்கா? அதெல்லாம் எதுக்கு?" என்றார் இவர். கடையே சிரித்தது.

அடுத்த மானிட்டரில் எனக்குக் கால்பந்து ஆட்டம். என் அணிக்குச் சிவப்புச் சட்டை, எதிரணிக்குப் பச்சைச் சட்டை என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். ஆட்டம் ஆரம்பித்த மூன்று நிமிடத்தில் நான்கு முறை பந்தை எதிரணியிடமே தட்டிவிட்டேன். ஐந்தாவது முறை, என் ஆள் வைத்திருந்த பந்தை நானே துரத்திக்கொண்டு ஓடினேன்.

"ஏங்க, நம்ம ஆளுக்குக் குடுங்க!" என்று கார் ஓட்டிக்கொண்டே சத்தம் போட்டார் மனைவி.

"எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போட்டிருந்தா எப்படிம்மா?"

அப்போதுதான் கடைக்காரர் என் தோளைத் தொட்டார். "சார், செத்த உள்ள வாரீங்களா? உள்ள ஒரு மானிட்டர் இருக்கு, காட்டுறேன்."

உள்ளே பழுது பார்க்கும் சின்ன அறை. பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் ஒரு திரை. அதில் ஒரு படத்தைத் திறந்தார். ஒரு வட்டம், அதற்குள் சின்னதும் பெரியதுமாக நெருக்கி அடித்த புள்ளிகள். சுங்குடிச் சேலையைச் சுருட்டி வைத்தது போல இருந்தது.

"இதுல என்ன நம்பர் தெரியுது சார்?"

"நம்பரா? வெறும் புள்ளிதானே இருக்கு?"

அடுத்ததைத் திறந்தார். இதில் எனக்குத் தெரிந்துவிட்டது. "இருபத்தொண்ணு" என்றேன் சட்டென்று.

அவர் சிரித்தார். கேலியான சிரிப்பில்லை. ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்தவர் சிரிக்கிற சிரிப்பு. "எனக்கும் இருபத்தொண்ணுதான் சார். ஆனா மத்தவங்களுக்கு இதுல தெரியுறது எழுபத்திநாலு."

இத்தனை வருடமாக எண்களோடு வாழ்கிறவன் நான். ஒரு எண்ணைப் பார்த்து, அது அந்த எண் இல்லை என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் முறை. திரையை உற்று உற்றுப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். இருபத்தொன்று இருபத்தொன்றாகவே இருந்தது.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். இருபத்து மூன்று வயதில் ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிவிட்டாராம். கடைசியாக மருத்துவப் பரிசோதனை. இதே மாதிரி புள்ளிப் புத்தகத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். "கணீர்னு சொன்னேன் சார், இருபத்தொண்ணுன்னு. டாக்டரு ஒண்ணுமே சொல்லல, அடுத்த பக்கத்தைத் திருப்பினாரு. எல்லாம் முடிஞ்ச பெறகுதான் எனக்குச் சிவப்பு, பச்சை பிரிச்சுப் பாக்குறதுல கொறை இருக்குன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் எனக்கே தெரியாது. எப்படித் தெரியும்? நாம பாக்குறதுதான் எல்லாரும் பாக்குறாங்கன்னுதானே நெனைப்போம்."

வேலை போன வருத்தத்தில் கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறார். பிறகு கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். அதிலும் பாதி வயர்களின் நிறம் குழம்பும். கல்யாணமாகி வந்த அவர் மனைவி ஒவ்வொரு வயருக்கும் சின்னக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டிக்கொடுத்தாராம். "இன்னிக்கும் நிறம் பாக்கணும்னா வெக்கப்படாம யாரையாச்சும் கூப்பிட்டுக் கேட்டுருவேன்" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மா முன்னாடி சொன்னா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னுதான் இங்க கூப்பிட்டேன். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஒரு கண் டாக்டர்கிட்ட காட்டிருங்க. ஆனா ஒண்ணு சார், இருக்குறதுலயே ஒசந்த மானிட்டரா வாங்கிட்டுப் போனாலும் நீங்க திருத்துற படம் நீலமாத்தான் போகும்."

காய்கறி மார்க்கெட்டில் நான் வாங்கிவரும் தக்காளியில் பாதி காயாக இருப்பதும், லேப்டாப்பில் சார்ஜ் ஏறிவிட்டதா என்று விளக்கைப் பார்த்து எனக்குத் தெரியாமல் போவதும், பச்சை என்று நினைத்துக் காவி நிறச் சட்டையை எடுத்து வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. கடைசியாக வந்தது நத்தத்து அம்மாவுக்கு நான் எழுதிய பதில். உங்கள் போன் திரையில் கோளாறு. எழுத்துக்கு எழுத்து கண் முன்னால் நின்றது.

மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏதாவது ஒரு மானிட்டரை வாங்கிக்கொண்டு, இனிமேல் நிறத்தில் கைவைக்காமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் வெளியே மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எத்தனை வருடம் அந்த மனுஷி சொன்னதைக் காதில் வாங்காமல் இருந்திருக்கிறேன்! நேராகப் போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நிறத்துல தப்பு மானிட்டர்ல இல்லம்மா. என் கண்ணுல. எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாப் பிரிஞ்சு தெரியாதாம். நீ கத்தரிப்பூன்னு சொல்ற நிறத்தை நான் பாத்ததே இல்ல போலிருக்கு."

திரையில் அவருடைய கார் ஒரு சுவரில் மோதி நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, முதலில் அவர் கண் கலங்கிவிட்டது. "கண்ணுக்கு ஒண்ணும் ஆயிராதே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாதும்மா, பொறந்ததுல இருந்தே இருக்குறது. கூடவும் செய்யாது, கொறையவும் செய்யாது" என்றார் பின்னாலேயே வந்த கடைக்காரர்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏதோ யோசித்தார். உதட்டோரம் சிரிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. "அப்ப பன்னெண்டு வருசமா நான் சொன்னதெல்லாம் சரிதானா?"

"சரிதான்."

"நிறம் விசயத்துல எல்லாமே?"

"எல்லாமே."

அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பின்னால் நின்றிருந்த இருவரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. தலையில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது மாதிரி இருந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு மனைவி கேட்டார். "நம்ம கல்யாணத்துல நான் கட்டியிருந்த முகூர்த்தச் சேலை என்ன நிறம், சொல்லுங்க பாப்போம்."

"அரக்கு" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அரக்கு, அரக்குன்னு சொன்னாங்க. நானும் மனசுல வச்சுக்கிட்டேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதற்குப் பிறகுதான் உண்மையான மானிட்டர் தேர்வே ஆரம்பித்தது. "இனிமே நிறம் பாக்குறது யாரு?" என்று கேட்டார் கடைக்காரர். "நான்தான்" என்றார் மனைவி. "அப்ப ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாப்பீங்க. நேரா உக்காந்து பாக்குறவங்களுக்கு ஒரு நிறம், பக்கவாட்டுல பாக்குறவங்களுக்கு ஒரு நிறம்னு காட்டக் கூடாது. மொதல்ல அதைப் பாருங்க."

என் நோட்டில் முதல் ரேங்க் வாங்கிய மானிட்டர் அந்த இடத்திலேயே தோற்றுப்போனது. அதன் முன்னால் நேராக உட்கார்ந்தால் அருமையாக இருந்தது. ஒரு பக்கம் நகர்ந்தால் சேலை வெளிறிப் போவதாக மனைவி சொன்னார். பதினைந்து தலைப்பு போட்ட நான், பக்கத்தில் இன்னொருவர் உட்காருவார் என்பதை மட்டும் யோசிக்கவே இல்லை.

வளைந்த மானிட்டரும் தள்ளுபடியானது. அதில் சேலைக்கரை வில் மாதிரி வளைந்து தெரிந்தது. மனைவிக்கு அதை விட மனசே இல்லை. "ரேஸுக்கு அம்சமா இருந்துச்சே" என்று அதன் ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒன்று அமைந்தது. முப்பத்திரண்டு இன்ச், தட்டைத் திரை, வெளிச்சம் பட்டால் பளபளக்காத ரகம், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிறம் மாறாது. விளையாட்டுக்கும் போதுமான வேகம். கடையில் இருந்ததிலேயே விலை உயர்ந்தது அது இல்லை. கடைக்காரர் நினைத்திருந்தால் என் நோட்டுக்குத் தலையாட்டி அந்தப் பெரிய விலைக்காரனையே கட்டிக்கொடுத்திருக்கலாம்.

கிளம்பும் முன் இன்னொன்றும் செய்தார். அந்தக் கால்பந்து விளையாட்டின் அமைப்புகளுக்குள் போய் எதையோ மாற்றினார். சிவப்பு அணி மஞ்சளாகவும் பச்சை அணி அடர்நீலமாகவும் மாறின. எங்களைப் போன்றவர்களுக்கென்றே அப்படி ஒரு வசதியை வைத்திருக்கிறார்களாம். உட்கார்ந்து ஆடினேன். ஆஹா, இருபத்திரண்டு பேரும் யார் யார் என்று பளிச்சென்று தெரிந்தார்கள்! நாலாவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டேன். நாற்பது வயதில், கம்ப்யூட்டர் கடையில், இரண்டு கையையும் தூக்கிக் கூச்சல் போட்டேன் என்று சொன்னால் என் மாணவர்கள் நம்ப மாட்டார்கள்.

மானிட்டர் பெட்டியை வண்டியில் வைக்க முடியவில்லை. ஓர் ஆட்டோவில் மனைவி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார, பின்னாலேயே நான் பைக்கில் வந்தேன். மேம்பாலத்தில் ஆட்டோ கொஞ்சம் வேகமெடுத்ததும் அவர் தலையை வெளியே நீட்டி, "முந்துங்க பாப்போம்!" என்றார்.

அன்று சாயங்காலமே ஏழாம் எண் படத்தைத் திறந்தோம். இரண்டு நாற்காலி, ஒரு திரை. வெளிச்சம், அளவு, ஓரம் வெட்டுவது எல்லாம் நான். நிறப் பட்டையில் மட்டும் மவுஸ் அவர் கைக்குப் போனது. சேலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மயிரிழை அந்தப் பக்கம், ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நகர்த்தி, "இப்ப சரி" என்றார். எனக்கு ஒன்றுமே மாறின மாதிரி தெரியவில்லை. "சரி" என்றேன் நானும். வாக்குவாதம் இல்லாமல் நாங்கள் முடித்த முதல் படம் அது.

ஆனால் நத்தம் பாக்கி இருந்தது. மனைவி சின்னாளபட்டியில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, நல்ல நீலத்தில் பன்னிரண்டு சுங்குடிகளை நாலு நாளில் சேர்த்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மூட்டையோடு நத்தத்துக்கு பஸ் ஏறினோம். போனில் சொல்லாமல் போனோம். சொன்னால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

மாந்தோப்பை ஒட்டிய வீடு. வாசலில் பந்தல் போட ஆரம்பித்திருந்தார்கள். அந்த அம்மா வெளியே வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மனைவி யார் என்று சொன்னதும் பார்வை என் பக்கம் திரும்பியது.

"நீங்கதானா எம் போனு கெட்டுப்போச்சுன்னு எழுதுனது?"

"நான்தாங்க. போன்ல கோளாறு இல்ல. என் கண்ணுலதான் கோளாறு. எனக்கு நிறம் சரியாத் தெரியாதுன்னு போன வாரம்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. அப்படி எழுதினது பெரிய தப்பு, மன்னிச்சிருங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "நெறம் தெரியாதுன்னா எப்படித் தெரியாது?"

சிவப்பும் பச்சையும் குழம்பும், கத்தரிப்பூ நீலமாகத் தெரியும், பழுத்ததும் காயும் சில சமயம் ஒன்று போல இருக்கும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. திடீரென்று வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏங்க! செத்த இங்க வாங்க!"

அவர் வீட்டுக்காரர் வந்தார். பந்தல்காரர்களோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அந்த அம்மா உள்ளே போய் நாங்கள் முதலில் அனுப்பிய கத்தரிப்பூ சேலை ஒன்றை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தார்.

"இது என்ன நெறம், சொல்லுங்க."

"நீலம். இதுக்குத்தான் கூப்பிட்டியா?"

அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏப்பா, இருபத்தஞ்சு வருசமா இந்த மனுசன் பழுத்த மொளகாயைப் பறிச்சுட்டு வாங்கன்னா பச்சையையும் சேத்துப் பறிச்சுட்டு வருவாரு! கவனமில்ல, கவனமில்லன்னு நானும் திட்டாத நாளில்ல!" பிறகு அவரிடம் திரும்பி, "இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"என்னத்தைச் சொல்ல? எனக்கே இப்பத்தான நீ சொல்ற" என்றார் அவர் ஒன்றும் புரியாமல். பிறகு என் பக்கம் வந்து மெதுவாக, "அது நீலம் இல்லியா தம்பி?" என்று கேட்டார்.

"கத்தரிப்பூவாம்" என்றேன்.

"அப்படியா?" என்று சேலையை இன்னொருமுறை பார்த்தார். நானும் அவரோடு சேர்ந்து பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அது நல்ல நீலமாகத்தான் இருந்தது.

எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. நீலச் சேலைகளை வாங்கிக்கொண்டார்கள். கத்தரிப்பூ சேலைகளையும் திருப்பித் தரவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் நலங்குக்குக் கட்டிக்கொள்கிறோம் என்று அந்த அம்மாவின் நாத்தனார்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கல்யாணத்துக்கும் எங்களை அழைத்தார். படம் எடுக்க என் கேமராவையும் கொண்டுவரச் சொன்னவர், "நெறத்தை மட்டும் உங்க வீட்டுக்காரம்மா பாக்கட்டும்" என்று சேர்த்துச் சொன்னார்.

கண் மருத்துவரைப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னதையேதான் அவரும் சொன்னார். மருந்தில்லை, பயமுமில்லை. அதன் பிறகு படத்துக்கும் சேலைக்கும் நிறம் சேரவில்லை என்று எங்களுக்கு ஒரு புகார்கூட வரவில்லை. கடைக்காரர் நல்ல நண்பராகிவிட்டார். நத்தத்து அம்மாவின் வீட்டுக்காரர் எப்போதாவது போன் போட்டு, "தம்பி, ஒரு சட்டை எடுத்தேன், என்ன நெறம்னு உங்க வீட்ல கேட்டுச் சொல்லுங்க" என்று படம் அனுப்புவார்.

பள்ளிக்கூடத்தில் முன்பெல்லாம் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "சார், எனக்கு இது புரியல, வேற மாதிரி தெரியுது" என்றால், "கவனமாப் பார்" என்று அதட்டி உட்கார வைத்துவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. அந்தப் பிள்ளையின் பெஞ்சுக்கே போய் உட்கார்ந்து, "உனக்கு எப்படித் தெரியுது, சொல்லு" என்று கேட்கிறேன். நான் பார்ப்பதைத்தான் உலகமே பார்க்கிறது என்ற நம்பிக்கை அன்று அந்தக் கடையில் என்னைவிட்டுப் போனது, அது போன பிறகுதான் மற்றவர்கள் சொல்வது எனக்குக் காதில் விழ ஆரம்பித்தது.